கூட்டுக் கையெழுத்து

வருஷத்தில் இரண்டே நாள்தான் நான் மீசையை ஒழுங்காகக் கத்தரிப்பேன். இரண்டும் மானிய அலுவலகத்துக்குப் போகிற நாள்கள். மற்ற முன்னூற்று அறுபத்து மூன்று நாளும் அது தன் இஷ்டத்துக்கு வளரும். பார்க்க ஆள் இல்லாத மீசைக்கு என்ன அலங்காரம் வேண்டிக்கிடக்கிறது?

எனக்கு எழுபத்தொரு வயது. நாலு ஏக்கர் மக்காச்சோளம், ஒரு பம்ப்செட், இரண்டு நாற்காலி போட்ட ஒரு வீடு. நாற்காலிகளில் ஒன்றின் பின்னல் நைந்து தொங்குகிறது. இன்னொன்று கடையிலிருந்து வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஏன் என்று குடைந்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அந்தத் தொல்லையும் விட்டது. காலையில் மோட்டார் மக்கர் பண்ணினால் அதை நாலு வார்த்தை திட்டுவேன். ஒழுங்காக ஓடிவிட்டால் அன்றைக்கு அந்தப் பேச்சும் கிடையாது. தொலைபேசியில் என்னைத் தேடுகிறவர்கள் உரக் கம்பெனிக்காரர்கள்தான். அவர்களிடமும் சில நாள் வேண்டுமென்றே இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டு வைப்பேன். உரம் வாங்க மாட்டேன்.

பயிர் வைக்கிறவனுக்கு அரசாங்கம் ஏக்கர் கணக்குப் போட்டு வருஷத்துக்கு ஒரு தடவை மானியம் தருகிறது. பெரிய தொகை ஒன்றும் இல்லை. விதைச் செலவு போனால் உரத்துக்குத் துண்டு விழும். ஆனால் அதற்கு அவர்கள் கேட்கிற காகிதத்தைப் பார்த்தால் ஏதோ கஜானாச் சாவியையே கொடுக்கிற மாதிரி இருக்கும். நிலம் ஒருவர் பெயரில் இருந்தால் அவர் மட்டும் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வரலாம். கூட்டு நிலம் என்றால் உரிமையுள்ள அத்தனை பேரும் ஒரே நாளில், ஒரே கவுன்டரில், அதிகாரியின் கண் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது, தபாலிலும் அனுப்பக் கூடாது. என்றைக்கு வர வேண்டும் என்று அவர்களே கடிதம் போடுவார்கள். இந்த விதியை எழுதிய மகராசன் யாரென்று தெரியாது. ஊரில் எல்லாரும் அவனைச் சபிப்பார்கள். நான் சபித்ததில்லை.

எங்கள் நிலம் கூட்டு நிலம். எனக்குப் பாதி, என் தங்கைக்குப் பாதி.

அவளை நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கும் அறுபத்தைந்து ஆகிவிட்டது. கட்டிக் கொடுத்து நகரத்துக்குப் போனவள். புருஷன் போன பிறகு மகனோடு இருக்கிறாள். எங்கள் அப்பா இறந்ததும் நான் நிலத்தை என் பெயருக்கு மாற்றத் தாள்களைத் தயார் செய்து அவளிடம் நீட்டினேன். உழைத்தவன் நான், நகரத்தில் இருக்கிறவளுக்கு மண் எதற்கு என்ற எண்ணம் எனக்கு. "என்னைக் கேட்டீங்களா?" என்றாள். "உன்னை எதுக்குக் கேக்கணும்?" என்றேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும், கூப்பிடவே வேண்டாம். அவளும் அப்பாவுக்குப் பிறந்தவள்தானே, சும்மா விடுவாளா? "விக்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன். என் பேரு அதுல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். பேச்சு தடித்தது. கடைசியில் நான் சொன்னேன்: "இனி செத்தாலும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்." அந்த ஒரு வாக்கியத்தைப் பதினோரு வருஷம் கட்டிக்கொண்டு அழுதேன்.

அதிலிருந்து நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட வேண்டுமே.

முதல் வருஷம் நடந்தது நிஜமான தவறு. படிவத்தை நிரப்புவது என் வேலை. எங்கள் புல எண் 147. நான் 174 என்று எழுதிவிட்டேன். கவுன்டரில் யாரும் அதையெல்லாம் பார்ப்பதில்லை, கையெழுத்தை மட்டும் பார்த்து முத்திரை குத்துவார்கள். மேலிடத்தில்தான் சரிபார்ப்பார்கள். பத்து நாள் கழித்து எங்கள் இருவருக்கும் கடிதம் வந்தது. இருவரும் மறுபடி நேரில் வந்து எண்ணைத் திருத்தி, திருத்தத்தின் பக்கத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டுமாம். கடிதத்தைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. ஆனால் அந்த இரண்டாவது நாள் காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது நான் விசிலடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வயல்காரர், ஓயாமல் பேசுவதால் நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுகிறவர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னப்பா, பொண்ணு பாக்கப் போறாப்ல இருக்கு?" என்றார். நான் விசிலை நிறுத்திவிட்டேன்.

அடுத்த வருஷம் தெரிந்தேதான் தப்பாக எழுதினேன்.

அதற்கடுத்த வருஷங்களிலும் அப்படித்தான். ஒரு வருஷம் புல எண், ஒரு வருஷம் பரப்பளவு, ஒரு வருஷம் வங்கிக் கிளை, சில வருஷம் மறுபடி புல எண். எந்தக் கட்டத்தில் கை வைத்தால் பணம் நிற்காது, படிவம் மட்டும் திரும்பி வரும் என்று எனக்கு அத்துப்படியாகிவிட்டது. ஒரு நாள் இரண்டு நாளாகும். இதில் என்ன பெரிய குற்றம்?

அந்த அலுவலகத்தில் ஒரு நீளப் பலகை, நாலு பேர் உட்காரலாம். அவள் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம், நடுவில் என் துணிப்பை. பேசமாட்டோம். ஆனால் அவள் உட்கார்ந்ததும் யாருக்காவது போன் போடுவாள். "ஆமா, கண்ணுல ஆபரேஷன் ஆச்சு. இப்ப நல்லாத் தெரியுது. அவனுக்கு வேலை நிரந்தரமாயிடுச்சு" என்று அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி பேசுவாள். நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற பாவனையில் ஒரு வார்த்தை விடாமல் கேட்பேன். பிறகு என் முறை. நான் எழுந்து கவுன்டருக்குப் போய், முத்திரையம்மாவிடம், அதாவது முத்திரை குத்துகிற அந்த எழுத்தர் அம்மாளிடம், சம்பந்தமே இல்லாமல் ஆரம்பிப்பேன்: "இந்த வருஷம் சோளத்துல படைப்புழு ஜாஸ்திம்மா. எனக்கு வேற குடலிறக்கம்னு சொல்லிட்டாங்க. ஆபரேஷன் வேணாம்னு மாத்திரையில ஓட்டுறேன்." முத்திரையம்மா தலையைத் தூக்காமல், "இதெல்லாம் எந்தக் கட்டத்துலயும் எழுத வேண்டாம் ஐயா" என்பாள். அவளுக்கா சொன்னேன்? எனக்குப் பின்னால் பலகையில் போன் பேச்சு நின்றிருக்கும்.

இப்படித்தான் பதினோரு வருஷம் எங்கள் குடும்ப நடப்பு எங்களுக்குத் தெரிந்தது.

இன்னொன்றும் கவனித்திருந்தேன். முதல் நாள் அவள் வெறுங்கையோடு வருவாள். இரண்டாவது நாள் மட்டும் ஒரு ஃபிளாஸ்க் கொண்டு வருவாள். அதோடு இரண்டு டம்ளர். ஒன்றில் டீயை ஊற்றி ஊதி ஊதிக் குடிப்பாள். இன்னொன்று பலகையில் கவிழ்த்தபடி கிடக்கும். ஃபிளாஸ்க்கோடு சேர்த்துக் கொடுத்ததாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். நான் எழுந்து போய் வராந்தாக் குழாயில் தண்ணீர் குடிப்பேன்.

போன வருஷம் அந்த இரண்டாவது நாளில்தான் எல்லாம் கெட்டது.

கூட்டம் அதிகம். வெயில் வேறு. அவள் பலகையில் இடம் கிடைக்காமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் முறை வந்தபோது எழுந்து வர நேரமாயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முத்திரையம்மா எங்கள் படிவத்தைத் தூக்கிக் காட்டி, கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னாள்: "இந்த ஆபீஸ்ல உங்க படிவம் மட்டும்தான் வருஷா வருஷம் தப்பாத் திரும்பி வருது. யாருங்க இதை எழுதுறது? நாலாங்கிளாஸ் பிள்ளைகூட ஒழுங்கா எழுதும்."

எனக்கு முகமெல்லாம் சூடேறிவிட்டது. மாட்டிக்கொண்டேன் என்று தோன்றிவிட்டது. மாட்டிக்கொண்டவன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நான் திரும்பி என் தங்கையைக் காட்டினேன்.

"எல்லாம் இவளாலதான்! இவ பேரு மட்டும் இதுல இல்லன்னா எனக்கு ஏன் இந்த அலைச்சல்? பாதி வேணும் பாதி வேணும்னு ஒட்டிக்கிட்டு என் உயிரை எடுக்குறா. வருஷா வருஷம் இவளைக் கூட்டிக்கிட்டு இங்க வந்து நிக்கணும்னு என் தலையெழுத்து."

பதினோரு வருஷத்தில் அவள் காதில் விழ நான் நேராகச் சொன்ன முதல் பேச்சு அது. சொல்லி முடித்ததும் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது. ஆனாலும் முகத்தை விறைப்பாகவே வைத்துக்கொண்டேன். அவள் பேனாவை வாங்கினாள். திருத்தத்தின் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். வாசல்படிக்குப் போய் ஃபிளாஸ்க்கையும் இரண்டு டம்ளரையும் பையில் வைத்தாள். அன்றைக்கு அவள் ஃபிளாஸ்க்கைத் திறக்கவே இல்லை.

அந்த வருஷம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறை அவள் வந்ததும் என்ன சொல்வது என்று மோட்டாரிடம் ஒத்திகை பார்த்தேன். மன்னிப்புக் கேட்பது என் வாய்க்குப் பழக்கமில்லை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். முதல் நாள் பேச வேண்டாம். வழக்கம்போல் எண்ணை மாற்றி எழுதிவிடலாம். இரண்டாவது நாள் அவள் டீ ஊற்றும்போது, "எனக்கும் கொஞ்சம் ஊத்து" என்று கேட்டுவிடலாம். அவ்வளவுதான். மற்றதை அவள் புரிந்துகொள்வாள்.

இந்த வருஷம் அந்த நாள் வந்தது. மீசையைக் கத்தரித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, அலுவலகம் திறக்கும் முன்பே போய் உட்கார்ந்தேன். அவளுடைய ஓரத்தில் என் துணிப்பையை வைத்து இடம் பிடித்தேன். பத்து மணி. பதினொன்று. உட்கார வந்தவர்களிடம் எல்லாம், "ஆள் வருது, ஆள் வருது" என்றேன். பன்னிரண்டு மணிக்கு ஒரு பெண்மணி, "எந்த ஆளு? காலையிலேர்ந்து பைதான் உக்காந்திருக்கு" என்றாள். நான் முறைத்தேன். அவள் பையை என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அப்போது ஒரு முப்பத்தைந்து வயது ஆள், ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளே வந்து சுற்றிப் பார்த்தான். முகத்தில் எங்கள் அப்பாவின் மூக்கு. நேராக என்னிடம் வந்தான்.

"மாமாதானே? நான் உங்க தங்கச்சி மகன்."

"அம்மாவுக்கு என்ன?" என்று எழுந்துவிட்டேன்.

"ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்காங்க. இதைக் கொடுக்கச் சொன்னாங்க." ஒரு பழுப்பு உறையை நீட்டினான். "அவங்க பங்கை உங்களுக்கே விட்டுக் கொடுத்துட்டாங்க மாமா. போன மாசம் பத்திரம் பதிவாயிடுச்சு. நாலு ஏக்கரும் இனி உங்க பேருலதான். உங்களுக்கு அலைச்சல் வேண்டாம்னு சொன்னாங்க."

அலைச்சல் என்ற அந்த வார்த்தையை அவன் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னான். எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது.

உறையைப் பிரித்தேன். கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்து. இருபத்திரண்டு முறை பக்கத்தில் நின்று பார்த்த கையெழுத்து. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் அவளிடம் நீட்டிய தாளில் கேட்டதும் இதே கையெழுத்தைத்தான். அன்றைக்குக் கிடைத்திருந்தால் ஊருக்கே சொல்லித் திரிந்திருப்பேன். இப்போது அந்தத் தாளைத் திரும்ப உறைக்குள் போட்டேன்.

"என் பேருக்காவது எழுதிடும்மா, நான் லீவு போட்டுட்டுப் போய்க் கையெழுத்துப் போடறேன்னு எத்தனையோ வருஷமா கேட்டேன்" என்றான் மருமகன். "மாட்டேன்னாங்க. 'அது நான் போற இடம்டா'ம்பாங்க. போன வருஷம் இங்கேர்ந்து வந்து பத்து நாள் ஒண்ணும் பேசல. அப்புறம் அவங்களாவே இதைப் பண்ணச் சொல்லிட்டாங்க."

என் முறை வந்தது. முத்திரையம்மாவின் மேசையில் இந்த வருஷம் புதிதாக ஒரு கம்ப்யூட்டர். அவள் பத்திரத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பதினோரு வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"அப்பாடா, உங்க தலைவலி தீந்துச்சு ஐயா. முழு மானியமும் இனி உங்களுக்கே. ஒரே கையெழுத்து. பத்து நிமிஷத்துல வீட்டுக்குப் போயிடலாம்."

புதுப் படிவம் கொடுத்தாள். நின்றபடியே நிரப்பினேன். ஏழாம் கட்டம், கூட்டு உரிமையாளர் பெயரும் முகவரியும். பேனா அங்கே தானாக நின்றது. "அதைக் கோடு போட்டு அடிச்சிடுங்க" என்றாள். அடித்தேன். புல எண் கட்டத்தில் 174 என்று எழுதினேன். வேண்டுமென்று எழுதவில்லை, கை அப்படியே பழகிவிட்டிருந்தது. முத்திரையம்மா அதைக் கம்ப்யூட்டரில் அடித்ததும் திரை சிவப்பாயிற்று.

"பாத்தீங்களா, மறுபடியும் தப்பு! பரவால்ல, இப்ப உடனே காட்டிக் கொடுத்துடும். நீங்க ஒருத்தர்தானே? இங்கேயே திருத்தி ஒரு சின்னக் கையெழுத்துப் போடுங்க. இன்னொரு நாள் வரவே வேண்டாம்."

இன்னொரு நாள் வரவே வேண்டாம். அதை அவள் எனக்கு நல்ல சேதியாகத்தான் சொன்னாள்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "ஏம்மா, ஒரு சென்ட் மட்டும் என் தங்கச்சி பேருல திருப்பி எழுதிட்டா?"

"எதுக்கு ஐயா?"

"எழுதிட்டா கூட்டு நிலம்தானே? ரெண்டு பேரும் வரணும்தானே?"

"ஒரு சென்ட் என்ன, ஒரு அடி இருந்தாலும் கூட்டுதான். ரெண்டு பேரும்தான் வரணும்." அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "தீந்த தலைவலியை யாராவது திரும்ப வாங்குவாங்களா?"

"நான் வாங்குறேன். எழுதறதுக்கு யாரைப் பாக்கணும்?"

மருமகன் என் தோளைத் தொட்டான். "மாமா, அம்மாவால இனி வர முடியாது. ரெண்டு முழங்காலும் தேஞ்சு போச்சு. பஸ் ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. போன வருஷமே ரொம்ப முடியலதான். கேக்காம வந்தாங்க."

வாசல்படியில் உட்கார்ந்து, சுவரைப் பிடித்து எழுந்தாளே. அது எனக்கு அப்போது வெறும் தாமதமாகத்தான் பட்டது, வலி என்று தோன்றவில்லை.

நான் வரிசையிலிருந்து விலகினேன். படிவம் அங்கேயே கிடந்தது. வராந்தாவுக்கு வந்து மருமகனிடம், "அவளுக்குப் போன் போட்டுக் குடு மாப்ள" என்றேன். அவன் கொஞ்சம் தயங்கினான். பிறகு போட்டுக் கொடுத்துவிட்டு, தள்ளிப் போய்த் தன் வண்டிப் பக்கம் நின்றுகொண்டான்.

"சொல்லுடா, குடுத்துட்டியா? என்ன சொன்னாங்க?" என்றாள் அவள்.

பலகையில் வேறு யாருக்கோ போனில் சொல்கிற மாதிரி இல்லாமல், அவள் குரல் நேராக என் காதுக்குள் வந்தது. ஒரு வருஷமாக ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை.

"நான்தான் பேசறேன் பாப்பா."

வைத்துவிடுவாளோ என்று பயந்து அவசரமாகக் கொட்டினேன்.

"அந்தத் தப்பெல்லாம் நான் வேணும்னே எழுதினது. புல எண்ணு, பரப்பளவு எல்லாம். மொத வருஷம் மட்டும்தான் கைத்தவறு. மத்த பத்து வருஷமும் தெரிஞ்சுதான் எழுதினேன்."

"எதுக்கு?"

"படிவம் திரும்பி வந்தா நீ இன்னொரு நாள் வருவேல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுபத்தொரு வயதில், அரசாங்க அலுவலக வராந்தாவில், குழாயடியில் நின்று மூக்கை உறிஞ்சினேன். தண்ணீர் பிடிக்க வந்த ஒரு ஆள் பாட்டிலை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

அவள் சொன்னாள்: "நான் எதுக்கு ரெண்டு டம்ளர் கொண்டு வந்தேன்னு நெனச்சீங்க?"

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"மொத நாள் உங்க மூஞ்சி கடுகடுன்னு இருக்கும். ரெண்டாவது நாள் கொஞ்சம் சாந்தமா இருப்பீங்க. அன்னைக்காவது கேப்பீங்கன்னு பாப்பேன். ஒவ்வொரு வருஷமும் எந்திரிச்சுப் போய்க் குழாயில தண்ணி குடிப்பீங்க."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். பாருங்கள், அப்போதும் என் வாய் அவள்மேல்தான் பழியைப் போடுகிறது. உடனே, "இல்ல, நான்தான் கேட்டிருக்கணும்" என்றேன்.

"நான் அங்க வரட்டுமா?" என்று கேட்டேன்.

வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "மூணாவது மாடி அண்ணா. லிஃப்ட் கிடையாது. அம்பத்திரண்டு படி" என்றாள். பிறகு, "மாத்திரை போடணும், வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

மருமகன் வண்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னான். நான் பஸ்ஸிலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் வந்து போன வழி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. பஸ்ஸில் இடமில்லை. முதல் ஒரு மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பள்ளம் வரும்போதெல்லாம் முழங்கால் மடங்கியது. கூட்டம் இறங்கிய பிறகுதான் உட்கார முடிந்தது. இறங்கிப் பார்த்தால் இரண்டு மணி பத்து நிமிஷம் ஆகியிருந்தது. போக இரண்டு மணி, வர இரண்டு மணி. வருஷத்துக்கு இரண்டு தடவை. அதில் பத்துத் தடவை அவளை ஒன்றுமில்லாததற்கு அலைய வைத்தவன் நான். அலைச்சல் அலைச்சல் என்று கத்தியவனும் நான்தான். எனக்கு அந்த அலுவலகம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்.

நகரத்தில் யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. தெருப் பெயர், குறுக்குத் தெரு, கட்டடத்தின் பெயர் எல்லாம் வாய்க்குள் வரிசையாக ஓடின. இந்தப் பக்கம் வந்ததே இல்லை. ஆனால் படிவத்தில் மாவு மில்லுக்கு எதிரே என்று எழுதுவேன், மாவு மில் இருந்தது. கீழே தபால் பெட்டிகள், சுவரில் சாய்த்த சைக்கிள்கள். படி ஏறினேன். இருபதில் ஒரு தடவை நின்றேன், முப்பத்தாறில் ஒரு தடவை நின்றேன். குடலிறக்கக்காரன் ஏறக்கூடாத உயரம்தான். அவள் இதை இறங்கி, பஸ் ஏறி, அந்தப் பலகையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து போன் பேசியிருக்கிறாள்.

ஐம்பத்திரண்டாவது படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். கையில் படிவம் இல்லை, பேனா இல்லை, போட வேண்டிய கையெழுத்து எதுவும் இல்லை. கதவு திறந்தால் எதை நீட்டுவது, முதலில் என்ன பேசுவது என்று தெரியவில்லை. உள்ளே ஆள் இருக்கிற சத்தமும் இல்லை. அப்படியே இறங்கிப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

கதவின் மேல் பித்தளையில் 18 என்று இருந்தது. ஏழாம் கட்டத்தில் வருஷா வருஷம் நான் எழுதிய எண். புல எண்ணையும் பரப்பையும் வங்கியையும் மாற்றி மாற்றி எழுதினேன். இதை மட்டும் ஒரு தடவைகூட மாற்றி எழுதியதில்லை. மாற்றினால் கடிதம் அவளுக்குப் போய்ச் சேராது.

கதவைத் தட்டினேன்.